ஒரு பட்டை மட்டும் கேளாமல்

அன்ரனா எண்டதும் எங்களில் கனபேருக்கு இன்னமும் நினைவில் வருவது கூரைக்கு மேலே நிற்கிற அந்த மீன்முள்ளுத்தான். காகம் வந்து குந்தும். காற்றுக்குத் திரும்பிவிடும். ஒருவர் ஏறி முறுக்க, கீழே இருந்து இன்னொருவர் "இப்ப சரி, விடு விடு... ஐயோ, திரும்பவும் போட்டுது" என்று கத்துவார். நான் எழுதப்போவது அந்த அன்ரனாவைப் பற்றி இல்லை. இது தீப்பெட்டியை விடச் சின்னது. ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பலகை, அதன் மேலே கடதாசியை விட மெல்லிய செப்புப் படை. அந்தச் செப்பில் தமிழ் 'ப' எழுத்தை நேராகவும் தலைகீழாகவும் கீறினது போலச் சில வெட்டுக்கள். அவ்வளவுதான். அந்த வெட்டுக்களுக்காக என்னுடைய சிநேகிதி ஒருத்தி கிட்டத்தட்ட ஒரு வருடம் நித்திரை முழித்தாள்.

நான் கலைப்பீடம், வரலாறு. அவள் பொறியியல் பீடம். பேராதனையில் எங்கட இரண்டு பீடங்களுக்கும் நடுவில மகாவலி ஓடுகிறது. அக்பர் பாலத்தால் நடந்தால் சில நிமிடத்தில் அந்தப் பக்கம். ஆனால் அங்கே என்ன படிக்கிறார்கள் என்று இங்கே கேட்பவர்களும் குறைவு, இங்கே என்ன படிக்கிறோம் என்று அங்கே கேட்பவர்களும் குறைவு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் என்றபடியால் பாலத்தில் அடிக்கடி போய்வந்தோம்.

அவளுடைய இறுதி வருட புரொஜெக்ற் வைவா இங்கிலிஷில். ஆனால் ஒத்திகையை என்னிடம் தமிழில் செய்ய வேண்டும் என்று நின்றாள். "இங்கிலிஷில பாடமாக்கி ஒப்புவிச்சுப் போடுவன். எனக்கு உண்மையா விளங்கியிருக்கோ எண்டு தெரியோணும் எண்டால் உனக்குத் தமிழில சொல்லிப் பாக்கோணும்."

"ஆர்ட்ஸ்காரிக்கே விளங்கினால் ஆருக்கும் விளங்கும் எண்டு நினைக்கிறியோ?" என்று கேட்டேன். சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

அப்படித்தான் ஒரு செமெஸ்ரர் முழுக்க நான் அன்ரனா கேட்டேன். கேட்டதில் விளங்கினதை எழுதுகிறேன். கணிதம் தெரியாதவர்களும் பயப்படாமல் வாசிக்கலாம், எனக்கும் தெரியாது. எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கட வீட்டில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒரு விசயம் இந்தச் செப்புத் துண்டால்தான் பிடிபட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் 'அகன்ற பட்டை' என்றால் என்ன? எங்களுக்குத் தெரிந்த பண்பலை வானொலி 88 இலிருந்து 108 மெகாஹேர்ட்ஸ் வரை. அந்த 20 மெகாஹேர்ட்ஸுக்குள் எல்லா நிலையங்களும் தங்கட தங்கட ஒழுங்கையில் நிற்கின்றன. அவள் செய்த அன்ரனா கேட்கவேண்டியது 3.1 இலிருந்து 10.6 கிகாஹேர்ட்ஸ் வரை. அகலம் 7.5 கிகாஹேர்ட்ஸ். அதாவது முழுப் பண்பலைப் பட்டையைப் போல 375 பட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் வருகிற அகலம். ஒழுங்கை இல்லை, வயல்வெளி.

இந்த எல்லையை வரைந்தது அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, 2002 பெப்ரவரியில். உரிமம் இல்லாமல் யாரும் பாவிக்கலாம் என்று விட்டார்கள். ஆனால் ஒரு கடும் நிபந்தனை: குரலை உயர்த்தக்கூடாது. ஒரு மெகாஹேர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம் தான் உச்சம். அவள் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்: ஒரு வாற்றை ஒரு கோடியாகப் பிரித்தால் வருகிற பங்கில் முக்கால்வாசி. முழு வயல்வெளியிலும் சேர்த்துக் கூட்டினாலும் அரை மில்லிவாற்றுக்குக் கொஞ்சம் மேலே. இது பேச்சு இல்லை, குசுகுசுப்பு.

குசுகுசுப்பால் என்ன பிரயோசனம்? பட்டை அகலமாக இருந்தால் துடிப்பு மிகக் குறுகியதாக இருக்கலாம். ஒரு நனோசெக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்குக்குள், ஒரு 'டிக்'. அந்த நேரத்தில் ஒளி போகிற தூரம் 30 சென்ரிமீற்றர். ஆகவே அந்த 'டிக்' போய்ச் சேர எடுத்த நேரத்தை அளந்தால், பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சில சென்ரிமீற்றர் துல்லியத்தில் சொல்லலாம். வயர் இல்லாத யூ.எஸ்.பி என்று ஆரம்பத்தில் இந்தத் தொழில்நுட்பத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, அது சந்தையில் நிற்கவில்லை. பிறகு 2019இல் ஐபோன் 11 உள்ளே வந்தது. 2021இல் ஏர்டாக் வந்தது. தொலைந்த திறப்புக்கோர்வை சோபாவுக்கு அடியில் இருக்கிறதென்று போன் அம்புக்குறி காட்டுகிறதே, அது இந்தக் குசுகுசுப்புத்தான்.

இதில் வரலாறு படிக்கிற எனக்கு ஒரு ருசி இருந்தது. உலகத்தின் முதல் வானொலியே அகன்ற பட்டைதான். 1880களின் கடைசியில் ஹேர்ட்ஸ் செய்ததும், பிறகு மார்க்கோனி கடல்களுக்கு மேலால் அனுப்பியதும் தீப்பொறி. தீப்பொறிக்கு ஒழுங்கை தெரியாது, எல்லா மீடிறனிலும் சிதறும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் குழம்பும். 1900ஆம் ஆண்டில் மார்க்கோனி பெற்ற 7777ஆம் இலக்கக் காப்புரிமை இதற்காகத்தான்: அனுப்புகிறவரையும் கேட்கிறவரையும் ஒரே மீடிறனுக்கு இசைப்பது. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு முழுக்க வானொலியின் வேலை பட்டையை ஒடுக்குவது. 2002இல் திரும்பவும் அகலத்துக்கு வந்தார்கள், ஆனால் இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பிரச்சினை என்னவென்றால், இந்த வயல்வெளி வெறுமையாக இருக்கவில்லை. ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள். 3.5 கிகாஹேர்ட்ஸ் அளவில் வைமாக்ஸ் இருந்தது, இப்போது பல நாடுகளில் 5ஜி இருக்கிறது. 5.15 தொடக்கம் 5.825 வரை வைஃபை. 7.25 தொடக்கம் 7.75 வரை செய்மதிகள் பூமிக்கு இறக்குகிற சமிக்ஞை. இவர்கள் குசுகுசுப்பவர்கள் இல்லை. 100 மில்லிவாற்றை 20 மெகாஹேர்ட்ஸில் அனுப்புகிற வைஃபை றூட்டர் ஒன்றை எடுங்கள். ஒரு மெகாஹேர்ட்ஸுக்கு ஒப்பிட்டால் அது இந்தக் குசுகுசுப்பைப் போல 60,000 மடங்குக்கு மேல். பக்கத்து வீட்டில் கலியாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்க, நீங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர் காதுக்குள் சொல்வதைக் கேட்க முயல்வது மாதிரி.

எங்கட பௌதிகவியல் புத்தகங்களில் அலைகள் ஒன்றோடொன்று சேருகிறதுக்குத் 'தலையீடு' என்று பெயர் என்று அவள் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வரலாற்றுப் பாடத்தில் அந்தச் சொல் வந்தால் பின்னால் ஒரு படை வரும்.

சரி, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரை நிற்பாட்ட முடியாது. அவர்களுக்கும் அங்கே இருக்க உரிமை உண்டு, சிலருக்கு உரிமமும் உண்டு. அப்ப என்ன செய்யலாம்? அன்ரனாவுக்குப் பின்னால் வடிகட்டி ஒன்று பூட்டலாம். ஆனால் அது இடம் பிடிக்கும், காசு பிடிக்கும், சமிக்ஞையிலும் கொஞ்சம் தின்னும். அதைவிட, அன்ரனாவிலேயே ஒரு வெட்டு வெட்டினால்? கூடுதலாக எதையும் பூட்டத் தேவையில்லை. இருக்கிற செப்பிலிருந்து கொஞ்சத்தை எடுத்துவிடுவதுதான் வேலை.

வெட்டின் நீளம் அந்த மீடிறனின் அலைநீளத்தில் அரைவாசியாக இருக்க வேண்டும். காற்றில் உள்ள அலைநீளம் இல்லை, பலகைக்குள்ளால் போகும்போது சுருங்குகிற அலைநீளம். அவள் பாவித்த எஃப்.ஆர்.4 பலகைக்குக் கணக்குப் பார்த்தால் 5.5 கிகாஹேர்ட்ஸை மறுக்க ஏறக்குறைய 16.6 மில்லிமீற்றர். 3.5க்கு 26 மில்லிமீற்றர். 7.5க்கு 12. இவ்வளவு நீளத்தைத் தீப்பெட்டிக்குள் நேராக வைக்க முடியாது, அதனால்தான் மடித்து 'ப' ஆக்குகிறார்கள். அந்த மீடிறன் வந்தவுடன் மின்னோட்டம் வெட்டின் உள்விளிம்பில் ஒரு பக்கமாகவும் வெளிவிளிம்பில் எதிர்ப்பக்கமாகவும் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். அந்த ஒரு மீடிறனுக்கு மட்டும் அன்ரனா கிட்டத்தட்ட அங்கே இல்லாத மாதிரி ஆகிவிடும். அதற்குக் கீழேயும் மேலேயும் வழமைபோலக் கேட்கும்.

நான் பிரமித்தது அதன் நுட்பத்தில்தான். வெட்டு ஒரு மில்லிமீற்றர் கூடினால் 5.5 போய் 5.2 ஆகிவிடும். மறுக்க வேண்டியதைக் கேட்கும், கேட்க வேண்டியதை மறுக்கும். வெட்டு தேவைக்கு மேல் அகலமான பட்டையைத் தின்றாலும் நட்டம், பக்கத்தில் இருக்கிற நல்ல மீடிறனும் சேர்ந்து போகும். மூன்று வெட்டும் ஒரே செப்பில் இருப்பதால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். "ஒண்டைத் திருத்த மற்றது குழம்புது, அதைத் திருத்த முதலாவது குழம்புது" என்று அவள் சொன்ன மாதங்கள் இருந்தன. சிமியுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும், அவள் லப்டொப்புக்குப் பக்கத்திலேயே தலைவைத்துப் படுத்திருப்பாள்.

இவ்வளவும் ஒரு அன்ரனாவுக்கு. அவளுடையது இரண்டு அன்ரனா, அதாவது இரண்டு வாசல், ஒரே பலகையில். ஏன் இரண்டு? அறைக்குள் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவரில், அலுமாரியில், ஆட்களில் பட்டுத் தெறித்துப் பல வழியால் வரும். அந்த வழிகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிட்டால் அங்கே இருக்கிற காதுக்கு ஒன்றும் கேட்காது. கொஞ்சம் தள்ளி இன்னொரு காது இருந்தால் அதற்குக் கேட்கும். இரண்டும் கேட்டால் இன்னும் நல்லது, ஒரே நேரத்தில் இரண்டு வேறு தகவல்களைக் கூட அனுப்பலாம். இதைத்தான் மைமோ என்கிறார்கள்.

ஆனால் இரண்டு காதும் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கினால் வேலை கெட்டுப்போகும். 3.1 கிகாஹேர்ட்ஸில் அரை அலைநீளம் 48 மில்லிமீற்றர். அந்தளவு தள்ளி வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தீப்பெட்டிக்குள் 48 மில்லிமீற்றருக்கு எங்கே போவது? எங்கட விடுதி அறையில் நாலு கட்டில் போட்ட கதைதான். எதிர் எதிராகத் தலைவைத்துப் படுப்பதுபோல, ஒரு அன்ரனாவை மற்றதற்கு 90 பாகையில் திருப்பி வைக்கலாம். நடுவில் செப்பாலேயே ஒரு கிளைத்த மரம் போலச் சுவர் எழுப்பலாம். ஒன்றில் அனுப்புகிற சக்தியில் மற்றதற்குக் கசிவது நூறில் மூன்று பங்குக்குக் கீழே வந்தால் பொதுவாகச் சரி என்கிறார்கள். அவள் நூறில் ஒன்றுக்குக் கீழே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

இதைச் செய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு அன்ரனாவுக்கும் கீழே இருக்கிற நிலத்தளத்தை நடுவால் வெட்டி இரண்டாக்கிவிட்டால் கசிவு சட்டென்று குறையும், வரைபு வடிவாக வரும். அவளும் ஒரு கிழமை அந்த வழியில் போய்ப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஏனென்று கேட்டேன். "பேப்பரில வடிவா இருக்கும். ஆனா உண்மையான ஒரு போனுக்குள்ள போனால் ரெண்டுக்கும் பூச்சியம் ஒண்டாத்தான் இருக்கோணும். ரெண்டு நிலம் ரெண்டு பூச்சியம் எண்டால் எதை வச்சு எதை அளக்கிறது?" என்றாள். நிலம் ஒன்றாக இருக்க வேண்டும், அதன் மேல் நின்றுகொண்டுதான் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்கப் பழக வேண்டும். கடினமான வழி அதுதான். அவள் பொறியியலைத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது வேறு. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

வைவாவுக்கு முதல் கிழமை முழு ஒத்திகை. நான்தான் பரீட்சகர். கேள்வி கேட்கச் சொன்னாள். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது, அது பல நாளாக இருந்தது.

"நீ வெட்டிவிட்ட அந்தப் பட்டையில ஏதாவது முக்கியமான செய்தி வந்தால்?"

கேட்டுவிட்டு டைட்டானிக் கதையைச் சொன்னேன். 1912 ஏப்ரல் 14 இரவு. பக்கத்தில் பனிக்கட்டிக்குள் நிறுத்தப்பட்டிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் வானொலி இயக்குநர், நாங்கள் பனிக்குள் நிற்கிறோம் என்று டைட்டானிக்குக்குச் சொல்லப் பார்க்கிறார். டைட்டானிக்கின் இயக்குநரோ தூரத்தில் கேப் றேஸ் நிலையத்தோடு பயணிகளின் செய்திகளைப் பரிமாறிக்கொண்டிருக்கிறார். தூரத்துச் சமிக்ஞை மெல்லியது. பக்கத்துக் கப்பலின் தீப்பொறியோ காதைப் பிளக்கிறது. வாயை மூடு, நான் வேலையாக இருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு பதில் போகிறது. கலிஃபோர்னியன்காரர் பேசாமல் விட்டுவிட்டு, இரவு 11.30 அளவில் கருவியை நிற்பாட்டிப் படுக்கிறார். 11.40க்கு டைட்டானிக் மோதுகிறது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவிக்கான அழைப்பு போனபோது மிகக் கிட்ட நின்ற காதுகளில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"அது தலையீடுதானே? பக்கத்துச் சத்தம் தூரத்துச் செய்தியைக் குழப்பினது. அவரும் உன்னை மாதிரி அந்தப் பட்டையை வெட்டினவர். ஆனா வெட்டின பட்டையில வந்ததுதான் அண்டைக்கு முக்கியமான செய்தி."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்ன பதிலை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பகுதி.

முதலாவது: "என்ர அன்ரனா ஒரு போனுக்குள்ள இருக்கிற ஒரே காது இல்லை. 5.5ஐக் கேக்கிறதுக்கு அதே போனில வைஃபை அன்ரனா வேற இருக்கு. இது கேக்காமல் விடுகிறதால அந்தச் செய்தி உலகத்தில இல்லாமல் போகாது. கேக்கவேண்டிய காது கேக்கும். டைட்டானிக்கில இருந்த பிழை அவர் கேக்காமல் விட்டது இல்லை. அந்தக் கப்பலில ரெண்டாவது காது இல்லாமல் விட்டது."

இரண்டாவது: "அதோட, அன்ரனாவுக்கு வாயும் காதும் ஒண்டுதான். ஒரு மீடிறனைக் கேளாத அன்ரனா அந்த மீடிறனில பேசவும் மாட்டாது. எந்தத் திசையில எவ்வளவு கேக்குமோ அந்தத் திசையில அவ்வளவுதான் பேசும். நான் வெட்டினது என்ர காதைக் காப்பாத்த மட்டும் இல்லை, அவங்களை நான் குழப்பாமல் இருக்கவும்தான்."

இதற்குப் பெயர் பரிமாற்றுத்தன்மை என்று சொல்லலாம். அவள் அதைப் பெரிய விசயமாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு இரண்டாம் வருடத்துப் பாடம். எனக்கு அண்டைக்கு நித்திரை வரவில்லை.

ஏனென்றால் மனிசர் அப்படி இல்லை. எங்கட காது வேறு, வாய் வேறு. "என்ன படிக்கிறாய் பிள்ளை?" என்று கேட்டு, "ஆர்ட்ஸ்" என்று சொன்னதும் "ஓ..." என்று முகத்தைத் திருப்புகிற மாமாமாரைத் தெரியும்தானே. அந்த "ஓ"வோடு அவர்களுக்குக் காது மூடிவிடும். ஆனால் வாய் மூடாது. வரலாறு படித்து என்ன வேலை கிடைக்கும், ரீச்சிங் எடுத்தாலென்ன, வங்கிச் சோதினை எடுத்தாலென்ன என்று அதே பட்டையில் அரை மணித்தியாலம் ஒலிபரப்புவார்கள். இந்த நாட்டில் ஒரு சமூகம் இன்னொன்றைப் பற்றிப் பேசுவதும் பெரும்பாலும் இப்படித்தான். கேட்பதை நிற்பாட்டின பட்டையில்தான் சத்தம் கூட. எங்கட பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி வீட்டு விசயம்.

எங்களுக்கு ஒரு பாடத்துக்கு வாய்மொழி வரலாறு சேகரிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரின் இடப்பெயர்வு அனுபவத்தைப் பதிவுசெய்து எழுத வேண்டும். நான் அப்பாவை நினைத்திருந்தேன். அப்பா பேசாத ஆள் இல்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களைப் பற்றி விடிய விடியச் சொல்வார். மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடின கதை. பற்றரி தடை என்றபடியால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட கதை. ஒருவர் சுற்ற வேண்டும், களைத்தால் அடுத்தவர். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மங்கும். "பி.பி.சி தமிழோசை முடியும் மட்டும் கை எடுக்கேலாது" என்று சொல்லிச் சிரிப்பார். 1996க்குப் பிந்திய கதையும் சொல்வார். ஆனால் 1995 ஒக்டோபர் கடைசி? அந்த ஒரு கிழமை? "அது சனத்தோட சனமா நடந்தது பிள்ளை" என்று ஒரு வசனம். பிறகு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாகக் கேட்கும், அந்த ஒரு கிழமை மட்டும் இல்லை. இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன், இரண்டு தரமும் கிணற்றடி.

அந்த ஒத்திகைக்குப் பிறகுதான் கவனித்தேன், அப்பா அந்தப் பட்டையில் பேசாமல் இருப்பது மட்டும் இல்லை. மற்றவர்களிடம் கேட்பதும் இல்லை. யார் வீட்டில் யார் அந்த நாட்களில் என்ன ஆனார் என்று அவர் ஒருநாளும் யாரையும் கிண்டியதில்லை. செத்தவீடுகளில் அந்தப் பேச்சு எழும்பினால் தேத்தண்ணி கொடுக்கப் போய்விடுவார். வாயும் காதும் ஒன்றாகவே மூடியிருந்தன. அதைப் பழுதென்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வெட்டு இல்லாவிட்டால், அந்தக் கிழமையின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூடியிருக்கும், டைனமோ கதையும் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் பதிவு வேண்டும்தானே. அவர் சொல்லாததால் அது நடக்காமல் போகாது. அந்தப் பட்டைக்கு வேறு காது தேட வேண்டியதுதான். அத்தையிடம் போனேன், அப்பாவின் அக்கா. நான் கேட்டு முடிக்க முதலே தொடங்கிவிட்டார், இவ்வளவு காலமும் ஒருவரும் கேட்கவில்லை என்பது போல. ஒக்டோபர் 30 பின்னேரம் வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது, அடி அடியாக நகர்ந்தது. அப்பப்பாவுக்கு நடக்க ஏலாது. அப்பா அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரவு முழுக்கத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். நாலாம் நாள் அப்பப்பா அங்கே போய்விட்டார்.

"எந்தச் சைக்கிள் அத்தை?" என்று கேட்டேன்.

"ஒரு சைக்கிள்தானே இருந்தது. டைனமோ பூட்டினது."

பதிவை எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு அதைப் பற்றிச் சொல்லவில்லை.

சிநேகிதியின் வைவா நல்லபடி முடிந்தது. செய்த பலகையை அளந்து பார்த்தபோது வெட்டுக்கள் சிமியுலேஷனில் வந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருந்தன. பலகையின் தன்மை துண்டுக்குத் துண்டு மாறும், உருக்கி ஒட்டின ஈயமும் கணக்கில் வரும், அதெல்லாம் வழமை என்றாள். பரீட்சகர் கேட்ட கடைசிக் கேள்வி: அயலவர்கள் மாறினால் என்ன செய்வாய்? நல்ல கேள்வி. 2020இல் அமெரிக்கா 5.925 இலிருந்து 7.125 வரை வைஃபைக்குப் புதிதாகத் திறந்துவிட்டது. முதல் வெட்டுக்களைக் கணக்குப்போட்டவர்களின் படத்தில் அந்த அயலவரே இல்லை. செப்பில் வெட்டினதை மூட முடியாது. அதனால் இப்போது வெட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன டயோட் வைக்கிறார்கள். மின்னோட்டம் கொடுத்தால் அது வெட்டின் இரு கரையையும் இணைத்துவிடும், மறுப்பு இல்லாமல் போகும். நிற்பாட்டினால் வெட்டு திரும்பவும் வேலை செய்யும். அடுத்து அதைத்தான் செய்து பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஆழிக்கு எங்கட வீட்டில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அது யாரின் கையில் இருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது இரவு கரண்ட் போய்விட்டது. அப்பா திண்ணையில் இருந்து, தம்பிக்கு டைனமோ கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தது, மாறி மாறிச் சுற்றினது, குரல் மங்கினது. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை கடைசியில் ஒரு வசனம் கூடச் சேர்ந்திருந்தது: "அப்பப்பாதான் கனநேரம் சுத்துவார்." பிறகு தமிழோசையைப் பற்றிச் சொல்லப் போய்விட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.